நேதாஜி படம்: போன வழி சரி, கூடப் போன படை எங்கே?

கேள்வி இதுதான். ஷியாம் பெனகல் 2005இல் எடுத்த 'போஸ்: தி ஃபர்காட்டன் ஹீரோ' படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு நாடகம்? நேதாஜியை உண்மையிலேயே ராணுவத் தலைவர் என்று சொல்லலாமா? அவர் நடத்திய ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) தமிழர்கள் ஏராளம் என்று கேள்விப்பட்டிருக்கிறோமே, படத்தில் அவர்கள் ஏன் கண்ணில் படவில்லை?

மூன்றாவதாகக் கேட்டதுதான் நல்ல கேள்வி. முதல் இரண்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம். போஸாக சச்சின் கேடேகர், இசை ஏ.ஆர். ரஹ்மான். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கீஸ் தத் விருது கிடைத்தது; தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. பெனகல் செய்த புத்திசாலித்தனம், தொட்டிலில் ஆரம்பிக்காதது. 1897இல் கட்டக்கில் பிறந்தது, ஐ.சி.எஸ். தேறி 1921இல் அதை உதறியது, ஹரிபுரா காங்கிரஸ் தலைமை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கடைசி ஐந்தாறு வருடங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். ஐ.என்.ஏ.வின் முழக்கமான நம்பிக்கை, ஒற்றுமை, தியாகம் என்ற மூன்று சொற்களே படத்தின் மூன்று பகுதிகள். வாழ்க்கை வரலாற்றுப் படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுகிற இடத்தில் அவர் விழவில்லை.

தப்பிப் போன கதையில் கற்பனை சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. நடந்ததே சினிமா மாதிரிதான் இருக்கும். 1941 ஜனவரி 16 பின்னிரவு. கல்கத்தா எல்ஜின் ரோடு வீட்டைச் சுற்றி மஃப்டி போலீஸ். அண்ணன் மகன் சிசிர் ஓட்ட, வாண்டரர் காரில் ஏறிக் கிளம்பியவர் முகமது ஜியாவுதீன் என்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட். கோமோ ஸ்டேஷனில் ரயில் ஏறிப் பெஷாவர் போய்ச் சேர்ந்தார். இதில் எனக்குப் பிடித்தது அந்த இரவு அல்ல, அதற்கு அடுத்த பத்து நாள். ஐயா தியானத்தில் இருக்கிறார், யாரையும் பார்க்க மாட்டார் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். வேளாவேளைக்குத் திரைக்குப் பின்னால் சாப்பாடு போகும், காலித் தட்டு வெளியே வரும். சாப்பிட்டு முடித்தது வீட்டுப் பிள்ளைகள். ஜனவரி 26, 27 வாக்கில்தான் ஆள் இல்லை என்ற செய்தியே வெளியே வந்தது.

பெஷாவரிலிருந்து காபூல் வரை கூட வந்தவர் பகத் ராம் தல்வார். போஸுக்குப் பஷ்தோ பேச வராது, அதனால் காது கேளாத, வாய் பேசாத பட்டாணியராக நடித்தார். காபூல் சத்திரத்தில் மோப்பம் பிடித்து வந்து தொந்தரவு கொடுத்த போலீஸ்காரனுக்குப் பணம் கொடுத்துப் பார்த்து, கடைசியில் கைக்கடிகாரத்தையே கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சோவியத் தூதரகம் கதவைத் திறக்கவில்லை. இத்தாலியத் தூதர் குவாரோனிதான் ஒர்லாண்டோ மட்ஸோட்டா என்ற பெயரில் பாஸ்போர்ட் ஏற்பாடு செய்தார். மாஸ்கோ வழியாக ஏப்ரல் தொடக்கத்தில் பெர்லின். பகத் ராமைப் பற்றி இன்னொரு சங்கதி: இந்த ஆள் பின்னாளில் இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா, பிரிட்டன், ஜப்பான் என்று ஐந்து நாடுகளுக்கும் உளவு பார்த்தவராக மாறிப்போனார். பிரிட்டிஷார் அவருக்கு வைத்த பெயர் 'சில்வர்'. அவரை வைத்தே தனியாக ஒரு படம் எடுக்கலாம்.

சரி, பெர்லின். எந்த இயக்குநருக்கும் கை கூசும் பகுதி இது. ஹிட்லர் ஆட்சியின் விருந்தாளியாக ஒரு விடுதலை வீரர் இரண்டு வருடம் இருந்தார். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகளில் சுமார் 3,000 பேரைச் சேர்த்து ஒரு படைப்பிரிவு உருவாக்கினார். அவர்கள் எடுத்த உறுதிமொழியில் ஹிட்லர் பெயரும் இருந்தது. 'ஜெய் ஹிந்த்' என்ற வணக்கம், 'நேதாஜி' என்ற பட்டம் எல்லாம் பழக்கத்துக்கு வந்தது அங்கேதான். 1942 மே இறுதியில் ஹிட்லரை நேரில் பார்த்தார். இந்திய விடுதலையை ஆதரித்து ஓர் அறிவிப்பு வேண்டும் என்று கேட்டார், கிடைக்கவில்லை. கூடாத இடத்தில் உதவி கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பிய கதைதான் அது. எமிலி ஷெங்கலோடு அவருக்கு இருந்த குடும்ப வாழ்க்கையைப் படம் மறைக்கவில்லை. மகள் அனிதா 1942 நவம்பரில் வியன்னாவில் பிறந்தார். இதற்காகவே கொல்கத்தாவில் படத்துக்கு எதிர்ப்புக் கிளம்பியது. தலைவருக்குக் கல்யாணம் ஆயிருக்கக் கூடாது என்று நினைக்கிற பக்தர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நீர்மூழ்கிப் பயணத்தைப் பார்த்துவிட்டு இது டூப்தானே என்று கேட்டவர்கள் உண்டு. டூப் இல்லை. 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து யூ-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியில் அவரும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் ஏறினார்கள். ஏப்ரல் கடைசியில், மடகாஸ்கருக்கு அப்பால் கொந்தளிக்கிற கடலில், ரப்பர் படகில் இறங்கி ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார்கள். சுமத்திராவின் வடமுனைக்கு அருகே சபாங் தீவில் கரையேறி, அங்கிருந்து விமானத்தில் டோக்கியோ.

இதுவரைக்கும் படத்தில் பெரிய குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆள் போன வழி சரியாக இருக்கிறது. ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள்: அவரை 'ராணுவத் தலைவர்' ஆக்கிய காலம் 1943 ஜூலை முதல் 1945 ஆகஸ்ட் வரை, மொத்தமே இரண்டு வருடம் சொச்சம். அந்தக் காலத்துக்குள் நுழைவதற்கு முன்பே படம் பெரும்பகுதி ஓடிவிடுகிறது. கதை மனிதரைப் பின்தொடர்ந்து போவதால், மனிதர் சிங்கப்பூருக்கு வந்த பிறகுதான் படையும் பிறக்கிறது. உண்மையில் அந்தப் படைக்கு ஏற்கெனவே ஒரு கதை இருந்தது.

ராணுவத் தலைவரா என்ற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு முறையான ராணுவப் பயிற்சி என்று இருந்தது கல்கத்தாவில் மாணவராக இருந்தபோது பல்கலைக்கழகப் பயிற்சிப் படையில் சேர்ந்து செய்த கவாத்து மட்டும்தான். 1928 கல்கத்தா காங்கிரஸில் தொண்டர் படைத் தலைவராக முழு ராணுவ உடுப்பும் பூட்ஸும் போட்டுக்கொண்டு அணிவகுப்பு நடத்தினார். அதைப் பார்த்த காந்தி, பெர்ட்ராம் மில்ஸ் சர்க்கஸ் மாதிரி இருக்கிறது என்றார். கேலி கேலிதான். ஆனால் பதினைந்து வருடம் கழித்து சிங்கப்பூர் பாடாங் மைதானத்தில் அதே ஆள் அதே மாதிரி உடுப்பில் நின்று 'டெல்லி சலோ' என்றபோது எதிரே நின்றவர்கள் கையில் நிஜத் துப்பாக்கி இருந்தது. போர்க்களத்தில் படையை நகர்த்தத் தெரிந்த தளபதி என்று அவரைச் சொல்ல முடியாது. ஒன்றுமில்லாத இடத்தில் படையைத் திரட்டத் தெரிந்தவர். இரண்டும் வேறு வேறு திறமை. சினிமாவுக்கு முதலாவதுதான் வசதி: வரைபடம், பைனாகுலர், குண்டு வெடிப்பு. இரண்டாவதைக் காட்ட வேண்டுமென்றால் திரண்டு வந்தவர்கள் யார் என்று காட்டியாக வேண்டும்.

யார் அவர்கள்?

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க்கில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியர் கையில் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களிலிருந்து கேப்டன் மோகன் சிங் முதல் ஐ.என்.ஏ.வை எழுப்பினார். வருடக் கடைசிக்குள் ஜப்பானியரோடு தகராறாகி அவரைக் கைதே செய்துவிட்டார்கள், படை கலைந்தது. 1943 ஜூலையில் நேதாஜி வந்து, ஜப்பானில் இருந்த மூத்த புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து தலைமையை வாங்கிக்கொண்டபோது கையில் இருந்தது பாதி நொறுங்கிய ஒரு படை. அதை அவர் மறுபடி 40,000 வரைக்கும் கொண்டுபோனார். கூடுதல் ஆள் எங்கிருந்து வந்தார்கள்? மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து, கடைத்தெருக்களிலிருந்து, பர்மாவிலிருந்து. பல்லாயிரக்கணக்கில் வந்த அந்தச் சிவிலியன்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

ஏன் வந்தார்கள் என்பதற்கு 'தேசபக்தி' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவது எனக்கு உவப்பில்லை. 1943இல் ஒரு மலேயாத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். தொரை ஓடிப்போய்விட்டான். ரப்பர் வாங்க ஆளில்லை, பால் வெட்டு நின்றுபோய்விட்டது. அரிசி கிடையாது, லயத்துக்கு லயம் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. இன்னொரு பக்கம் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ஆள் பிடிக்கிறார்கள். பர்மா வரைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோனவர்களில் பல பத்தாயிரம் பேர் தமிழ்த் தொழிலாளர்கள்; காலராவிலும் பட்டினியிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். மலேசியத் தமிழர்கள் அதை இன்றும் மரண ரயில் என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சூழலில் ஒரு ஐ.என்.ஏ. முகாம் வைத்திருந்தது சோறு, உடுப்பு, சயாமுக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம். அதோடு கங்காணியிடமும் கிராணி என்ற தோட்டத்துக் கணக்கரிடமும் தலை குனிந்தே பழகியவனை 'ஜவான்' என்று கூப்பிட்டு நிமிர்ந்து நிற்கச் சொன்ன ஓர் இடம். இதில் எது வயிறு, எது மானம் என்று பிரிக்க முடியாது. பிரிக்கவும் வேண்டாம் என்பேன். நேதாஜி இந்துஸ்தானியில் பேசுவார், மேடையிலேயே ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டு வருவார், கூட்டம் இரண்டு தடவை கை தட்டும்.

ஆள் பிடித்து மரண ரயிலுக்கு அனுப்பியதும் ஜப்பான், ஐ.என்.ஏ.வுக்குத் துப்பாக்கி கொடுத்ததும் ஜப்பான். இந்த முடிச்சைப் படம் அவிழ்க்கவில்லை, தொடவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். நியாயமாகப் பார்த்தால் நேதாஜியின் கதையில் மிகவும் கனமான முடிச்சு இதுதான்.

ஒரே ஒரு காட்சியை நான் சேர்க்கலாம் என்றால் இதைச் சேர்ப்பேன். 1943 தசரா சமயம். சிங்கப்பூர் செட்டியார் கோயில்காரர்கள் விழாவுக்கு நேதாஜியை அழைக்கிறார்கள். நிதியும் தருவதாகச் சொல்கிறார்கள். சாதிக்கு ஒரு வாசல், மதத்துக்கு ஒரு வாசல் என்று இருக்கிற இடத்துக்கு நான் வர மாட்டேன் என்று அவர் சொல்லிவிடுகிறார். செட்டியார்கள் கூடிப் பேசி, சரி, எல்லோரும் வரலாம் என்கிறார்கள். ஆபித் ஹசன் போன்ற முஸ்லிம் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு கருவறைப் பக்கம் வரைக்கும் போகிறார். எல்லோர் நெற்றியிலும் திலகம் வைக்கிறார்கள். வெளியே வந்ததும் நேதாஜி தன் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார், மற்றவர்களும் துடைத்துக்கொள்கிறார்கள். ஆபித் ஹசனே நினைவுகூர்ந்த சம்பவம் இது. கோயில் கதவைத் திறக்கவைத்ததும் அவர்தான், வெளியே வந்து திலகத்தைத் துடைத்ததும் அவர்தான். வசனமே தேவையில்லை. படை முகாம்களிலும் சாதி பார்க்காமல் ஒரே சமையல், ஒரே பந்தி. ஊரில் தனி டம்ளரில் டீ குடித்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அதே செட்டியார்களிடமும் வணிகர்களிடமும் வசூல் விஷயத்தில் அவர் இவ்வளவு நயமாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர் நடக்கும் நாட்டில் தனிச்சொத்து என்று ஒன்று கிடையாது, தானாகத் தராவிட்டால் வாங்கத் தெரியும் என்கிற தொனியிலேயே பேசியிருக்கிறார்.

பெண்கள் படைக்கு வருவோம். கேப்டன் லட்சுமி படத்தில் வருகிறார். சென்னைக்காரர்; அம்மு சுவாமிநாதனின் மகள், மிருணாளினி சாராபாயின் அக்கா. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் படித்து முடித்து 1940இல் சிங்கப்பூர் போய் ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். நேதாஜி வந்த சில நாட்களிலேயே இருபது பெண்களைத் திரட்டி, கையில் துப்பாக்கி கொடுத்து அணிவகுப்பு மரியாதை தரவைத்தார். அக்டோபரில் ஜான்சி ராணி படையின் முகாம் திறந்தது. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். லட்சுமி போன்ற படித்த குடும்பத்துப் பெண்ணுக்குப் படத்தில் முகம் இருக்கிறது, வசனம் இருக்கிறது. பால்மரத்திலிருந்து வந்தவள் அணிவகுப்பில் பின்வரிசையில் நிற்கிறாள். ஒரு படத்தில் எல்லோருக்கும் முகம் கொடுக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோலாலம்பூர் ஜானகி தேவர் இருக்கிறாரே! கூட்டத்தில் நேதாஜி பேசியதைக் கேட்டு, போட்டிருந்த நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டு எதிர்ப்பை மீறி, பதின்ம வயதில் படையில் சேர்ந்தவர்; லட்சுமிக்கு அடுத்த இடத்துக்கு வந்தார்; பின்னாளில் மலேசியாவில் ஜானகி ஆதி நாகப்பனாக செனட்டர் ஆனார்; 2000இல் பத்மஸ்ரீ வாங்கினார். இதைவிட ஒரு திரைக்கதைக்கு என்ன வேண்டும்?

இம்பால் போரைப் பற்றிப் படம் காட்டுவதில் திசை தப்பில்லை. அளவு மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். 1944 மார்ச்சில் ஜப்பானின் 15வது படை மூன்று டிவிஷன்களோடு இம்பால், கோஹிமா நோக்கிப் பாய்ந்தது. ஐ.என்.ஏ.வுக்குப் பிரதான இடம் தர ஜப்பானியருக்கு விருப்பமில்லை. வழிகாட்டவும் மொழிபெயர்க்கவும் எதிரி முகாமிலுள்ள இந்தியச் சிப்பாய்களை இந்தப் பக்கம் இழுக்கவும் போதும் என்பதுதான் அவர்கள் எண்ணம். நேதாஜி விடாமல் மல்லுக்கட்டி ஷா நவாஸ் கான் தலைமையிலான சுபாஷ் பிரிகேடை முதலில் இறக்க வைத்தார். இன்னொரு பிரிவான காந்தி பிரிகேடிடம், போகும் வழியிலேயே, இம்பால் இன்றோ நாளையோ விழுந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் இயந்திரத் துப்பாக்கியெல்லாம் பின்னால் வரட்டும் என்று விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு போர்வை, ஒரு துப்பாக்கி, கொஞ்சம் தோட்டா என்று மலையேறினார்கள். இம்பால் விழவில்லை. பிரிட்டிஷாருக்கு விமானத்தில் சோறும் குண்டும் வந்துகொண்டே இருந்தது. இவர்களுக்கு விமானமும் இல்லை, பீரங்கியும் இல்லை. ஏப்ரல் 14இல் மொய்ராங்கில் ஷௌகத் மாலிக் கொடி ஏற்றினார். அப்புறம் மழை. மலேரியா, வயிற்றுப்போக்கு, பட்டினி. குண்டில் செத்தவர்களைவிட இதில் செத்தவர்கள் அதிகம்.

இந்த இடத்தில் தேதி ஒன்றைக் கவனியுங்கள். 'ரத்தம் தாருங்கள், விடுதலை தருகிறேன்' என்ற பேச்சைப் படைக்கு ஆள் சேர்க்கிற ஆரம்பக் காலப் பேச்சாகத்தான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பள்ளிப் புத்தகமும் சினிமாவும் பழக்கிய பழக்கம். அவர் அதைப் பேசியது 1944 ஜூலை 4, பர்மாவில். ஜப்பானியர் இம்பால் தாக்குதலைக் கைவிட்ட அதே வாரம். இரண்டு நாள் கழித்து ரங்கூன் வானொலியில் காந்தியை 'தேசத் தந்தையே' என்று விளித்து ஆசி கேட்டார். ஒரு காலத்தில் இருவரும் கட்சிக்குள் எப்படி மோதிக்கொண்டார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் புரியும். தோல்வி வாசலில் நிற்கும்போது பேசிய பேச்சு என்று தெரிந்து கேட்டால் 'ரத்தம்' என்ற சொல் வேறு மாதிரிக் காதில் விழுகிறது. எனக்கு அது வீராவேசமாக இப்போது கேட்பதில்லை; கையில் வேறெதுவும் மிச்சமில்லாத மனிதனின் குரலாகவே கேட்கிறது.

அந்தமானைச் சொல்லாமல் போனால் பதில் ஒருதலைப்பட்சமாகிவிடும். 1943 டிசம்பர் 30இல் போர்ட் பிளேரில் கொடி ஏற்றியதும், தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று பெயர் வைத்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் அதே ஊர் சிறையில் ஜப்பானியர் உளவாளிகள் என்று சொல்லி இந்தியர்களையே அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஊரில் மதிப்பாக இருந்த டாக்டர் திவான் சிங் சித்திரவதையில் ஜனவரியில் இறந்தார். ஜனவரி 30இல் ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். நேதாஜியைச் சுற்றி ஜப்பானியர் வேலி போல நின்று கைதிகளைப் பார்க்கவிடவில்லை. அவருக்குத் தெரியாது என்று சொல்பவர்கள் சொல்லட்டும். தீவு பெயரளவுக்குத்தான் அவர் அமைத்த ஆசாத் ஹிந்த் என்ற தற்காலிக அரசாங்கத்திடம் இருந்தது என்பது இதிலேயே தெரிகிறது.

படம் எடுப்பவர்கள் ராணுவத் தலைவர் என்றால் முன்னேறுகிற காட்சியையே நம்புகிறார்கள். என்னைக் கேட்டால் அவர் தலைவராக நின்றது பின்வாங்கிய வழியில். 1945 ஏப்ரல் 24இல் ரங்கூனை விட்டுக் கிளம்புகிறார். பிரிட்டிஷ் படை நெருங்கிவிட்டது. கூட ஜான்சி ராணி படைப் பெண்கள். பகலில் விமானம் வந்து சுடும், மரத்தடியில் படுத்துக்கொள்வார்கள், இரவில் நடப்பார்கள். சிட்டாங் ஆற்றைக் கடக்க வேண்டும். நீங்கள் முதலில் காரில் போய்விடுங்கள் என்று ஜப்பானியர் சொல்கிறார்கள். பெண்கள் எல்லோரும் அக்கரை போய்ச் சேராமல் நான் நகர மாட்டேன் என்று அவர்களோடேயே நடந்தார். பூட்ஸைக் கழற்றியபோது கால் முழுக்கக் கொப்புளம். பாங்காக் போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று. 48 வயது மனிதர், தோற்றுப்போன படை, டெல்லிக்கு நேர் எதிர்த் திசையில் நடை. இந்த மூன்று வாரத்தை மட்டும் எடுத்து ஒரு முழுப் படம் பண்ணியிருந்தால் மற்ற எல்லாமும் தானாக அதற்குள் வந்திருக்கும்.

இனி, தமிழர்கள் ஏன் கண்ணில் படவில்லை என்ற கேள்வி. பெனகலைத் திட்ட இதில் ஒன்றுமில்லை. காரணம் காகிதம். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் செங்கோட்டையில் 1945 நவம்பரில் நடத்திய வழக்கில் நின்றவர்கள் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான். மூவரும் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அதிகாரிகளாக இருந்து மாறியவர்கள். அதனால்தான் ராணுவச் சட்டப்படி அவர்கள்மேல் வழக்கு. புலாபாய் தேசாய் வாதாடினார், நேருவே பழைய கவுனை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார், பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. வாக்குமூலம், சாட்சி, தீர்ப்பு என்று ஒரு மலை சேர்ந்தது. தில்லியைப் பார்த்து எழுதப்பட்ட வரலாறு அத்தனையும் அந்த மலையின் அடிவாரத்தில்தான் உட்கார்ந்து எழுதப்பட்டது. தோட்டத்திலிருந்து சேர்ந்தவன் எந்த ராணுவத்திலும் சத்தியம் செய்தவன் இல்லை. அவன்மேல் ராணுவ வழக்கு போட முடியாது. விசாரித்துவிட்டு, போ என்று விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லாததால் பெயரும் இல்லை. சினிமாக்காரர் போய்த் தேடுகிற அலமாரியில் அவன் இருக்க மாட்டான்.

அந்தக் காகிதம் எவ்வளவு முக்கியம் என்பது எங்கள் ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் 1972க்கு அப்புறம் தெரிந்தது. மத்திய அரசு தியாகி பென்ஷன் கொண்டுவந்தது. சிறையில் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். அது இல்லாவிட்டால் கூட இருந்த கைதி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கூட இருந்தவன் பினாங்கிலோ ஈப்போவிலோ இருக்கிறான், அல்லது பர்மாவில் புதைந்திருக்கிறான். சின்ன வயதில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஐ.என்.ஏ.காரர் என்று ஒருவரைக் காட்டுவார்கள். மனுவுக்கு மேல் மனு எழுதி அலுத்துப்போனவர். கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. 'கதம் கதம் படாயே ஜா' பாட்டை முதலிலிருந்து கடைசி வரை தப்பில்லாமல் பாடுவார். அர்த்தம் கேட்டால், நடடா நடடான்னு அர்த்தம்ப்பா, மிச்சம் தெரியாது என்பார். இந்தப் படத்தில் அந்தப் பாட்டு ரஹ்மான் இசையில் கம்பீரமாக வரும்போது எனக்கு அவருடைய உச்சரிப்புதான் ஞாபகம் வந்தது.

அதிகாரிகள் மட்டத்தில் தமிழர் இல்லாமல் இல்லை. ஆசாத் ஹிந்த் அரசில் பிரச்சாரத் துறை அமைச்சராக இருந்தவர் எஸ்.ஏ. ஐயர், பாங்காக்கில் ராய்ட்டர்ஸ் நிருபராக இருந்தவர். அந்த அரசோடு சேர்ந்து வேலை செய்த ஜான் திவி 1946இல் மலேயா இந்தியக் காங்கிரஸின் முதல் தலைவர் ஆனார். ஐயரின் பங்கு முடிவு வரைக்கும் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 17இல் சைகானில் ஜப்பானிய விமானத்தில் நேதாஜியைத் தவிர இன்னொருவருக்குத்தான் இடம் கிடைத்தது. ஐ.என்.ஏ. அதிகாரி ஹபீபுர் ரஹ்மான் ஏறினார், ஐயர் கீழே நின்றுவிட்டார்.

அடுத்த நாள் தைபேயில் நடந்த விபத்தைப் பற்றித் தனியாகக் கேட்கவில்லை, ஆனாலும் எப்படியும் கேட்பீர்கள். விமானம் கிளம்பியவுடன் விழுந்தது. தீக்காயத்தோடு ராணுவ மருத்துவமனையில் அன்றிரவே இறந்தார். அஸ்தி டோக்கியோ ரென்கோஜி கோயிலில் இருக்கிறது. 1956 ஷா நவாஸ் குழுவும் 1970களில் கோஸ்லா ஆணையமும் இதை ஏற்றன. படம் வெளியான அதே 2005இல் அறிக்கை கொடுத்த முகர்ஜி ஆணையம் விபத்தில் சாகவில்லை என்றது. அரசு அதை ஏற்கவில்லை. ஹபீபுர் ரஹ்மானின் சாட்சியத்தையும் ஜப்பானிய மருத்துவர்களின் சாட்சியத்தையும் சேர்த்துப் படித்தால் விபத்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் மாவட்டத்தில் இதைச் சத்தமாகச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். முத்துராமலிங்கத் தேவர் மேடையேறி நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று சொன்ன மண் அது. பையனுக்கு போஸ் என்று பெயர் வைக்காத தெரு அங்கே குறைவு. டீக்கடை ஐ.என்.ஏ.காரரிடம் ஒரு தடவை கேட்டேன், இருக்காரா தாத்தா, வருவாரா என்று. அவர் யோசிக்கவே இல்லை. "எங்களையெல்லாம் வண்டியேத்தி அனுப்பிட்டுத்தாம்ப்பா அவர் கிளம்பினார். வர்றதா இருந்தா இந்நேரம் வந்திருப்பார்" என்றார்.